ராஜமேகத்தின் மேல் ஒரு மாப்பிள்ளை

ஒருவனுடைய குணம் தெரிய வேண்டுமென்றால் அவனோடு பயணம் போய்ப் பார், கையில் அதிகாரத்தைக் கொடுத்துப் பார் என்றெல்லாம் சொல்கிறார்கள். அவ்வளவு செலவு தேவையில்லை. ஆளை என் கடைக்கு அனுப்பினால் போதும். படுக்க வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவேன்.

என் கடை என்றால் என்னுடையது இல்லை, முதலாளியுடையது. மெத்தைக் கடை. நான் அங்கே விற்பனைப் பிரிவுக்குத் தலைவன். பிரிவில் இருப்பது நான் ஒருவன்தான் என்பதால் போட்டியின்றித் தேர்வானேன்.

மெத்தை வாங்க வருகிறவர்கள் படுத்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. முன்பின் தெரியாதவர்கள் நடுவில், பட்டப்பகலில், வெளியே போகும் உடுப்போடு மல்லாந்து படுப்பது இருக்கிறதே, அங்கே எவரும் நடிக்க முடியாது. செருப்புக் காலோடு ஏறுகிறவர்களுக்காக நாங்கள் கால்மாட்டில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போட்டு வைத்திருப்போம். அது இருந்தும் செருப்பைக் கழற்றுகிறவர் ஒரு ரகம். அதுதான் இருக்கிறதே என்று செருப்போடு ஏறுகிறவர் இன்னொரு ரகம். விரிப்பைக் காலால் ஒதுக்கிவிட்டுச் செருப்போடு ஏறுகிறவர்களும் உண்டு; விசாரித்தால் பெரிய பதவியில் இருப்பார்கள். மெத்தை முழுவதும் காலியாகக் கிடந்தாலும் விளிம்பில் ஒட்டிக்கொண்டு படுப்பவர்களுக்குக் கல்யாணமாகி ரொம்ப நாள் ஆகியிருக்கும்.

இந்த ஞானத்தை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் வம்பில்லை. ஒருநாள் சாப்பிடும்போது அம்மாவிடம் அளந்துவிட்டேன். அம்மா நான் சொல்லும் எதையும் நம்பாதவள். தலைவலி என்று படுத்தால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எழுந்து வேலைக்குப் போ" என்பாள். இதை மட்டும் நம்பித் தொலைத்தாள்.

அதோடு எங்கள் வீட்டில் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும் முறையே மாறிப்போனது. படிப்பு, வேலை, குடும்பம் எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, "அப்படியே எங்க பையன் கடைக்கு ஒரு நடை போயிட்டு வாங்களேன்" என்பாள் அம்மா. பாவம், அவர்களும் வருவார்கள். நான் படுக்க வைப்பேன்.

முதலில் வந்தவர் படுப்பதற்கு முன்பே விலையைக் கேட்டார். கஞ்சன் என்றேன். அடுத்தவர் நெஞ்சின் மேல் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு அசையாமல் கிடந்தார். மாலை போடாத குறை. வேண்டாம் என்றேன். மூன்றாமவர் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து, மெதுவாகப் படுத்து, மெதுவாக எழுந்து, கசங்கிய விரிப்பைக் கையால் நீவிவிட்டு, எனக்கு நன்றியும் சொன்னார். இவ்வளவு நல்லவனாக ஒருத்தன் இருக்க முடியாது, ஏதோ மறைக்கிறான் என்றேன். அம்மா அவரையும் கழித்துவிட்டாள்.

தங்கை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து ஒருவரைப் பற்றி அவளுக்கு என்னென்னவோ தெரிந்துவிடும். ஆனால் வெளியே மூச்சு விட மாட்டாள். எங்கள் இருவருக்கும் அதுதான் வித்தியாசம்.

நான்காவதாக ஒருவரை அவளே கண்டுபிடித்துவிட்டாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரி லிஃப்ட் பாதி வழியில் நின்றபோது உள்ளே மாட்டிக்கொண்டவள் இவள், கதவைப் பிளந்து கை கொடுத்தவர் அவர். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும், அம்மா யோசிக்கவே இல்லை.

"அண்ணன் கடைக்கு வரச் சொல்லு."

அன்று சாயங்காலம் தங்கை சமையலறையில் உட்கார்ந்து அம்மாவின் மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று டப்பாவில் பிரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே பேசினாள்.

"அண்ணா, இவர் நான் பாத்த ஆள். நீ வேண்டாம்னா அம்மாவும் வேண்டாம்பாங்க. அம்மா வேண்டாம்னா இவரும் நடையக் கட்டிருவாரு. வீட்டுப் பெரியவங்க மனசு கோணாம நடக்கணுமாம். அப்படி ஒரு கிறுக்கு."

"நான் நியாயமாத்தான் பாப்பேன்."

"நீ நியாயமா பாத்த லட்சணம் தெரியாதா? அந்த மூணாவது ஆள்ட்ட என்ன குத்தம்?"

"ஒரு குத்தமும் இல்ல. அதான் சந்தேகம்."

ஒரு மாத்திரையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, சரியான அறையில் போட்டாள். "உண்மையச் சொல்லவா? நான் போயிட்டா இந்த டப்பாவ யாரு பாக்கிறதுன்னு உனக்குப் பயம்."

சிரித்தேன். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. அவள் கவனித்திருப்பாள்.

"நாளைக்கு மத்தியானம் வருவாரு," என்றாள். "அவரப் பாத்துச் சொல்லு. உன்னப் பாத்துச் சொல்லாத."

மறுநாள் மதியம் கடையில் ஈ ஓட்டக்கூட ஈ இல்லை. முன்பக்கக் கண்ணாடிக்குள் வழக்கம்போல ராஜமேகம் கிடந்தது. அது எங்களிடம் இருப்பதிலேயே விலை கூடிய மெத்தை. பெயர் வைத்தது முதலாளி. வாங்க ஆளில்லாமல் அது வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் நான்தான் என்பதும் அவர் கண்டுபிடிப்பே. "ராஜமேகத்த இந்த மாசம் தள்ளு. இல்லன்னா உன்னைத் தள்ளிடுவேன்" என்று காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவருக்கு இன்னொரு விதியும் உண்டு. படுத்த வாடிக்கையாளரை எழுப்பவே கூடாது. எழுந்தால் யோசிப்பான், யோசித்தால் வாங்க மாட்டான்.

கதவைத் தள்ளிக்கொண்டு அவர் வந்தார். தோளில் கருவிப் பை. துவைத்த சட்டை, பொத்தான் மட்டும் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. குடியோ என்று மோந்து பார்த்தேன். கிரீஸ் வாசனை.

"வணக்கம்ங்க மச்சான்... இல்ல, சார்... அண்ணே."

"ஏதாவது ஒண்ண முடிவு பண்ணுங்க."

"நீங்க முடிவு பண்ணினப்புறம்தான நான் பண்ண முடியும்" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நேரே ராஜமேகத்துக்குக் கூட்டிப்போனேன். ஷூவைக் கழற்றினார். காலுறையிலிருந்து பெருவிரல் எட்டிப் பார்த்தது. அதை மற்றக் காலால் மறைத்தார். பையைத் தரையில் வைத்தார். உட்கார்ந்தார். சாய்ந்தார். என் முழுத் திறமையையும் கண்ணுக்குக் கொண்டுவந்து நான் தயாரானேன்.

"ரொம்ப நல்லா..." என்றார்.

அவ்வளவுதான். வாக்கியத்தை முடிக்கவில்லை. வாய் திறந்தபடியே தூங்கிவிட்டார்.

இத்தனை வருட அனுபவத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"படுத்தானா?"

"படுத்தான்."

"எப்படி?"

"இன்னும் படுத்துத்தான் இருக்கான். தூங்கிட்டான்மா."

"என்னடா உளர்ற? பொண்ணு கேட்டு வந்த இடத்துலயா?"

"நம்பலைன்னா நீயே கேளு." போனை அவர் வாயருகே பிடித்தேன். நல்ல நேரம் பார்த்துக் குறட்டை ஒரு மேட்டில் ஏறி இறங்கியது.

"ஐயோ" என்றாள் அம்மா. "இதுல இனி என்ன யோசனை? வேண்டாம்னு சொல்லி அனுப்பு."

"எழுந்திரிக்கட்டும். சொல்லிக்கலாம்."

போனை வைத்தபோது என் மனசில் ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதிக்கு மாத்திரை டப்பாவின் வடிவம் இருந்ததைக் கவனித்தேன். கவனிக்காததுபோல் இருந்துகொண்டேன், எனக்கு அதில் நல்ல பழக்கம் உண்டு.

அந்த நேரம் பார்த்து ஒரு கணவன் மனைவி சண்டை போட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள். அவருக்குக் கல் மாதிரி மெத்தை வேண்டும், அந்த அம்மாவுக்குப் பஞ்சு மாதிரி வேண்டும். இருவரும் என்னை நடுவராக்கப் பார்க்கும்போது அந்த அம்மாவின் கண் ராஜமேகத்தில் விழுந்தது.

"ஏங்க, இவரைப் பாருங்களேன்."

"போய்ச் சேந்துட்டாரா?"

"குறட்டை விடுறாருங்க."

"கொடுத்து வச்ச மனுஷன். நான் வீட்ல இப்படித் தூங்கி எத்தன வருஷமாச்சு!"

"நீங்க தூங்கலைன்னா நம்ம வீட்ல ராத்திரி குறட்டை விடுறது யாரு?"

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. திறந்தேன்.

"எங்க வாடிக்கையாளருங்க. தூக்கம் வராம ரொம்ப அவதிப்பட்டவரு. பாக்காத டாக்டர் இல்ல. இன்னிக்கு ராஜமேகத்துல சாஞ்சாரு, அவ்வளவுதான், ஆள் போன இடம் தெரியல."

இருவரும் முதல்தடவையாக ஒரே பக்கம் தலையாட்டினார்கள். எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. தலைமாட்டில் இருந்த விலை அட்டையை எடுத்து, தெருவுக்குத் தெரிகிற மாதிரி அவர் பாதத்தில் சாய்த்து வைத்தேன். தெருவில் போனவர்கள் நின்றார்கள். சிலர் உள்ளேயே வந்துவிட்டார்கள். கடை திறந்த நாளன்றுகூட அப்படி ஒரு கூட்டம் வந்ததில்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு முதலாளி வந்தார். "யாருய்யா இது?"

"தூங்குறவருங்க."

"தெரியுது. எப்பலேருந்து?"

"வந்ததுலேருந்து."

முதலாளி கூட்டத்தைப் பார்த்தார். தூங்குகிறவரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "எழுப்பிறாத. புதுசா வந்த போர்வை ஒண்ண எடுத்துப் போத்து. விலை வெளிய தெரியணும். அந்த விளக்க இந்தப் பக்கம் திருப்பு."

போர்த்தினேன். விளக்கைத் திருப்பினேன். வெளிச்சம் முகத்தில் அடித்ததும் அவர் தூக்கத்திலேயே முகம் சுளித்து, முழங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். "குழந்தை மாதிரி" என்றாள் சண்டைக்கார அம்மா. நான் பெருமையாகத் திரும்பினேன். வாசலில் தங்கை நின்றுகொண்டிருந்தாள்.

 நேரே வந்து விளக்கை அணைத்தாள். பாதத்திலிருந்த விலை அட்டையை எடுத்தாள். குனிந்து, அவர் சட்டைப் பையில் நெஞ்சைக் குத்திக்கொண்டிருந்த ஸ்க்ரூடிரைவரை மெல்ல உருவி வெளியே வைத்தாள். இவ்வளவு நேரம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அந்த ஸ்க்ரூடிரைவர் என் கண்ணில் படவே இல்லை.

பிறகு என் பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "டிக்கெட் எவ்வளவு?"

"என்ன டிக்கெட்?"

"அப்பாவுக்குக் கோலிக்குண்டு வாங்கின. இவருக்கு என்ன வாங்குற?"

எங்கள் அப்பா இருந்தவரை அச்சகத்தில் இரவு வேலை பார்த்தவர். பகலில்தான் தூங்குவார். இருந்தது ஒரே அறை. 'அப்பா தூங்குறாரு' என்பது எங்கள் வீட்டின் முதல் சட்டம். இரண்டாவது சட்டம் என்று ஒன்று தேவைப்படவே இல்லை. கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்கத் தங்கை அதன் இடுக்கில் துணி சொருகி வைப்பாள். நடக்கும்போது கொலுசைக் கையால் பிடித்துக்கொண்டே நடப்பாள். நான் என்ன செய்வேன் என்றால், தெருப் பிள்ளைகளைக் கூட்டிவந்து ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு கோலிக்குண்டு வாங்கிக்கொண்டு அப்பாவின் குறட்டையைக் கேட்க விடுவேன். நல்ல குறட்டை. சுற்றுவட்டாரத்தில் அதற்கு மதிப்பு இருந்தது. ஒரே ஜாடியில் ஊறிய ஊறுகாய் என்று எங்களைச் சொல்ல முடியாது.

"ராத்திரி முழுக்க எங்க ஆஸ்பத்திரி லிஃப்ட்ல வேலை," என்றாள் தங்கை. "ஆபரேஷனுக்குப் போக வேண்டியவங்க கீழ காத்துட்டிருந்தாங்க. விடிஞ்சும் முடியல. வீட்டுக்குப் போய்த் தூங்குங்க, அண்ணனை நாளைக்குப் பாக்கலாம்னேன். 'வர்றேன்னு சொல்லிட்டேன், அவர் காத்திட்டிருப்பாரு'ன்னு இங்க வந்திருக்காரு."

நான் காத்திருந்தது உண்மைதான். எதற்கு என்பதைத்தான் அவளிடம் சொல்ல முடியவில்லை.

இத்தனை வருடமாகப் படுத்திருப்பவர்களையே பார்த்துக்கொண்டிருந்தவன், அப்போதுதான் நின்றுகொண்டிருப்பவர்களைப் பார்த்தேன். உள்ளே வரும்போது கடை அதிரக் கத்திய அந்தக் கணவர் இப்போது மனைவியின் காதோடு பேசிக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் தன் போனை அமுக்கி மௌனமாக்கினார். முதலாளி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே பில் புத்தகத்தைத் தேடினார். எனக்குப் பக்கத்தில் கண்ணாடி இருந்தது. அதில் நான் பார்க்கவில்லை.

சாவிக்கொத்துச் சத்தத்தில் அவர் விழித்துவிட்டார். எழுந்து உட்கார்ந்தார். சுற்றிலும் ஜனம். மேலே போர்வை. எதிரே தங்கை. முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! முதல் வேலையாகக் கைக்குட்டையை எடுத்துத் தலையணையில் தன் வாய் ஈரம் பட்ட இடத்தைத் துடைத்தார்.

சண்டைக்கார அம்மா முந்திக்கொண்டாள். "எப்படிங்க இருக்கு இந்த மெத்தை? நாங்க இதையே எடுக்கலாம்னு இருக்கோம்."

முதலாளி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன், கையெடுத்துக் கும்பிட்டேன், கழுத்தை அறுப்பதுபோல் சைகை செய்து அது என் கழுத்து என்றும் விளக்கினேன். மெத்தையில் உட்கார்ந்திருந்தவர் எல்லாவற்றையும் பார்த்தார். புரிந்துகொண்டார் என்பதும் தெரிந்தது. 

"நல்லா தூங்கினேங்க," என்றார்.

முதலாளி என் தோளைத் தட்டினார்.

"ஆனா அதுக்கு மெத்தை காரணமில்லைங்க. ராத்திரி முழுக்க முழிச்சவன், நான் லிஃப்ட் கூரை மேலயே தூங்கியிருக்கேன்." நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்திக் காட்டினார். "இங்க ஸ்பிரிங் இறங்கிடுச்சு. நீங்க ரெண்டு பேரும் எந்த ஓரத்துல படுத்தாலும் விடியும்போது நடுவுல வந்து ஒண்ணாக் கிடப்பீங்க."

"அப்ப வேண்டாம்," என்றார் கணவர்.

"அப்ப இதையே எடுத்துக்கலாமே," என்றாள் அந்த அம்மா, அதே நொடியில்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாவின் முகம் சிவந்தது. "யோசிச்சுட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். எங்கள் தொழிலில், யோசித்துவிட்டு வருகிறேன் என்று போனவர்களை மறுபடி பார்த்ததாகச் சரித்திரமே இல்லை. அவர்கள் பின்னாலேயே கூட்டமும் கரைந்தது.

முதலாளியின் முகத்தில் முன்பு மலர்ந்தது எல்லாம் உதிர்ந்தது. அந்த நேரம் பார்த்து என் பையில் போன் அலறியது. அம்மா. எடுத்துக் காதில் வைத்தேன்.

"சொல்லி அனுப்பிட்டியா இல்லையா?" என்றாள் அம்மா ஒரு காதில்.

"யாருடா இவன்?" என்றார் முதலாளி மறு காதில். "எங்கேருந்து வந்து என் வியாபாரத்துல மண்ணப் போடுறான்? உனக்குத் தெரிஞ்சவனா?"

தெரியாது என்று சொல்வது ரொம்பச் சுலபம். வழிப்போக்கன், தூங்க இடம் தேடி வந்தவன், இதோ துரத்துகிறேன் என்றால் முதலாளி அடங்கிவிடுவார். அம்மாவுக்கும் அதே பதில் போய்ச் சேர்ந்துவிடும். வேலை தங்கும். டப்பாவும் தங்கும். தங்கை என்னைக் கெஞ்சிப் பார்க்கவில்லை, முறைக்கவும் இல்லை. விலை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் குனிந்து போர்வையை நான்காக மடித்துக்கொண்டிருந்தார். ஓரங்கள் சரியாக வரவில்லை, பிரித்து மறுபடியும் மடித்தார்.

"எங்க வீட்டு மாப்பிள்ளைங்க," என்றேன்.

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"என்னது?" என்றார் முதலாளி.

"என்னடா சொன்ன? யார்ட்டடா சொன்ன?" என்றாள் அம்மா.

"ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சொன்னேன்."

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "திங்கட்கிழமை வா, பேசிக்கலாம்" என்று உள்ளே போய்விட்டார். அவர் பேசிக்கலாம் என்றால் அவர் மட்டும் பேசுவார் என்று அர்த்தம். பரவாயில்லை, ராஜமேகத்தை விற்க என்னைவிட்டால் ஏமாந்தவன் அவருக்கு எங்கே கிடைப்பான்?

போனில் அம்மா விடவில்லை. "குறட்டை விட்டான்னு நீதானடா கேக்க வச்ச? அப்புறம் எப்படி மாப்பிள்ளை? அவன் எப்படிப் படுத்திருந்தான்னாவது சொல்லித் தொலை."

தங்கைக்குக் கேட்காமலிருக்கக் கொஞ்சம் தள்ளிப் போனேன். "வாயத் திறந்துக்கிட்டும்மா. அப்பா மாதிரியே."

 லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"யாரும் எழுப்பலையே?" என்றாள் கடைசியில்.

"எழுப்பலம்மா." விளக்கைப் பற்றியும் அட்டையைப் பற்றியும் அவளுக்குச் சொல்லவில்லை. "ராத்திரி மாத்திரைய எடுத்துடாத. நான் வந்து எடுத்துக் குடுக்கிறேன். எது எந்த அறைன்னு கத்துக்கணும்."

"நீயா? என்னைக் கொன்னுடாதடா," என்று சொல்லி வைத்துவிட்டாள். ஆனால் குரலில் மறுப்பு இல்லை.

திரும்பி வந்தபோது அவர் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். தங்கை அவருடைய சட்டைப் பொத்தானைச் சரியான ஓட்டைக்கு மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"உங்க வேலைக்கு ஏதாவது... நான் பொய் சொல்லியிருக்கணுமோ? அவங்க கேட்டுட்டாங்க, அதான்..."

"விடுங்க."

"இப்ப மச்சான்னு கூப்பிடலாமா?"

"கூப்பிடுங்க. ஆனா இந்தக் கடைக்குள்ள இனிமே வாயத் திறக்கக் கூடாது."

"தூங்கும்போதுமா மச்சான்?"

தங்கை சிரித்துவிட்டாள். கையிலிருந்த விலை அட்டையை என் சட்டைப் பையில் செருகினாள். நான் ராஜமேகத்தில் போய் விழுந்தேன். நடுவில் குழி இருக்கத்தான் செய்தது, நல்ல ஆழம்.

"அண்ணா," என்றாள் தங்கை, "செருப்பு."